மேல் அறைக்கு எர்த் இல்லை

அம்மாப்பேட்டை, சேலம்
ஜூன் 15, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. நீ அனுப்பிய ஒரு லட்சத்து இருபதாயிரம் புதன்கிழமையே கணக்கில் ஏறிவிட்டது. கூடவே வந்த செய்தியையும் பார்த்தேன். 'பையனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்கள், மேல் அறையில் வைத்துக்கொள்ளட்டும்.' ஒரே வரி. போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். இங்கே நான் போனைக் கையில் எடுத்தாலே பொடியன் ஓடிவந்து பக்கத்தில் நின்றுகொள்கிறான். அதனால்தான் கடிதம். கம்ப்யூட்டர் விஷயமாக மட்டும்தான் எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை.

வியாழக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரப் பையனுக்கு உன் வயதில் பாதி இருக்கும். பிராசசர், போர்டு, 16 ஜி.பி. ரேம், விளையாட்டுப் படங்களை ஓட்டும் ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், கீபோர்டு, கண்ணாடிக் கேபினெட் என்று கூட்டி ஒரு லட்சத்து எட்டாயிரம் போட்டான். கேபினெட்டுக்குள் நாலு ஃபேன், நாலும் நாலு நிறத்தில் மின்னுகின்றன. கோட்டை மாரியம்மனுக்கு ஆடி மாதம் சீரியல் செட் போட்டதுபோல இருந்தது. அது போகட்டும். பட்டியலின் கடைசியில், பெட்டி முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் சப்ளையை எஸ்.எம்.பி.எஸ். என்று எழுதி எதிரே 1,400 என்று போட்டிருந்தான். எடுத்துக் காட்டச் சொன்னேன். கையில் வாங்கியதும் தெரிந்துவிட்டது, காலித் தீப்பெட்டி மாதிரி இருந்தது. நல்ல சப்ளை கனக்கும் தம்பி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் காயிலும் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க்கும் முழு அளவில் இருந்தால் கனம் எங்கே போகும்? அந்தக் கார்டு போட்டால் 550 வாட் சப்ளை வேண்டும் என்று கார்டு செய்தவர்களே சொல்கிறார்கள். முப்பதாயிரம் ரூபாய்க் கார்டுக்கு ஆயிரத்து நானூறு ரூபாய்க் காவல்காரன். "எல்லோருக்கும் இதைத்தான் போடுகிறோம் ஐயா" என்றான். எல்லோருக்கும் போட்டதைத்தான் நான் நாற்பது வருடம் கழற்றிப் போட்டேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். நீயே வாங்குவதானாலும் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதே.

அங்கேயே பிளேஸ்டேஷன் 5-ம் இருந்தது. டிஸ்க் தட்டு போடுகிற மாடலுக்கு 54,990 சொன்னான். 2021 பிப்ரவரியில் நம் நாட்டுக்கு வந்தபோது அது 49,990-தானாம். டேப் ரெக்கார்டர், கலர் டிவி, டெக் என்று எதை எடுத்தாலும் வருடம் போகப் போக விலை இறங்கித்தான் நான் பார்த்திருக்கிறேன். பழசாகப் பழசாக விலை ஏறும் பெட்டியை இப்போதுதான் பார்க்கிறேன். ஆனால் வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இருப்பது கம்ப்யூட்டருக்குச் செய்கிற அதே ஏ.எம்.டி. கம்பெனியின் சிப், எட்டு கோர். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பேஸ்ட் தடவாமல் திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள். படித்தவுடன் இதைத் திறக்கும் ஆசை எனக்கு விட்டுப்போயிற்று. ஒரு சொட்டு போர்டில் சிந்தினால் கதை முடிந்தது.

தொழில் தெரிந்தவனாக என்னைக் கேட்டால் கம்ப்யூட்டர்தான். ரேம் போனால் ரேமை மாற்றலாம், கார்டு போனால் கார்டை மாற்றலாம், நாலு வருடம் கழித்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அவன் படிப்புக்கும் ஆகும். விளையாட்டுகளும் தள்ளுபடி நேரத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. நாலு பேரோடு சேர்ந்து ஆன்லைனில் ஆட அதில் தனிக் கட்டணம் இல்லை. பிளேஸ்டேஷனில் இலவச விளையாட்டுகளைத் தவிர மற்றவற்றுக்குச் சந்தா கட்டியே ஆக வேண்டும், பெரிய விளையாட்டு ஒன்று 4,999. தட்டாக வாங்கினால் ஆடி முடித்துவிட்டு விற்கலாம், அது ஒன்றுதான் லாபம். கரண்டும் கணக்குப் போட்டேன். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாத ரீடிங்கில் பிளேஸ்டேஷன் 24 யூனிட் இழுக்கும், நீ சொல்லும் கம்ப்யூட்டர் மானிட்டரோடு 48 வரை போகும். இலவச நூறு யூனிட்டுக்கு மேல் போகிற வீடுதான் நம்முடையது. கட்ட முடியாமல் இல்லை, சொல்லி வைத்தேன்.

கஷ்டம் அதில் இல்லை. மேல் அறைக்கு எர்த் இல்லை. உனக்கே தெரியும், பாட்டி காலத்து ஒயரிங், எல்லாம் இரண்டு பின். கம்ப்யூட்டர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் எர்த்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டில் கை பட்டதும் சுருக்கென்று இழுக்கும். சின்னப் பையன், வெறுங்காலோடு திரிகிறவன். கீழே கொல்லையில் முருங்கை மரத்தடியில் இருக்கும் எர்த் குழியிலிருந்து மாடிக்குப் புதிதாகக் கம்பி இழுக்க வேண்டும், சுவரை வெட்ட வேண்டும். பகலில் தறிகள் ஓடுகிற நேரம் வோல்டேஜ் எப்படித் தாழும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆகவே யு.பி.எஸ்.ஸும் வேண்டும். மேலே தகரக் கூரை வேறு. இவ்வளவும் செய்தால் அது அந்த அறையோடு நிரந்தரமாகத் தங்கிவிடும் சாமான்.

பிளேஸ்டேஷனுக்கு இரண்டு பின் போதும். எடை மூன்று கிலோ சொச்சம். இங்கே ஒரு மாதம் ஆடிவிட்டு, பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். தொப்பூர் தாண்டி, ஓசூர் தாண்டி, ராத்திரிக்குள் உங்கள் வீட்டு டிவியில் செருகிவிடலாம்.

ஆகவே எதை வாங்குவது என்பது எங்கே வைப்பது என்பதைப் பொறுத்தது. அதை நீதான் சொல்ல வேண்டும். நான் கேட்பது ஒயரிங்குக்காகத்தான்.

பெங்களூரில் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனபோது ஃபிரிட்ஜின் மேல் ஒரு படிவம் கண்ணில் பட்டது. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கானது. பாப்பா கையெழுத்து. மாணவன் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் எல்லாம் நிரப்பியிருக்கிறாள். முகவரிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் தங்கை பெற்ற பிள்ளை, நான் தூக்கி வளர்த்தவள், எந்த வாயால் கேட்பது? உன் அத்தைக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. லீவுக்கு வந்திருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று குண்டு மாம்பழம் ஒரு கூடை கொண்டுவந்து கொடுத்து, "மாப்பிள்ளை எப்போது வருகிறார்?" என்று கேட்டாள். ஆபீசில் வேலை அதிகம் என்று நான்தான் சொன்னேன். எழுபது வயதில் தங்கையிடம் பொய்.

எர்த் விஷயத்துக்கு வருகிறேன். குழி காய்ந்துபோயிருந்தது. கரியும் உப்பும் போட்டு, தினம் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் வேலையைப் பொடியனிடம் கொடுத்திருக்கிறேன். டெஸ்ட் லாம்ப் வைத்துக் காட்டினேன். முதல் நாள் மங்கலாக எரிந்த பல்பு மூன்றாம் நாள் பளிச்சென்று எரிந்ததும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்படியே நீ. பத்து வயதில் நீ வைத்த சால்டர் என் கடைப் பையன்கள் வைத்ததைவிடச் சுத்தமாக இருக்கும். உன்னைப் பற்றி நான் யாரிடம் பேசினாலும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. அவ்வளவு பொறுமையாக ஒயரை ஒட்டத் தெரிந்தவன் நான்கு மாதமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை என்றால் என்ன சொல்வது? சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதே என்று மறுபடியும் சொல்கிறேன். இரவில் ஓட்டல் சாப்பாடும் வேண்டாம்.

பொடியனும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறான், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில். முதலில் பிளேஸ்டேஷன் என்று எழுதி, அடித்து, கம்ப்யூட்டர் என்று எழுதி, அதையும் அடித்திருக்கிறான். அடிக்காமல் விட்டது ஒரே வரி: 'கன்ட்ரோலர் – 2.' பெட்டியோடு ஒன்றுதான் வருமாம், இரண்டாவதற்குத் தனியாகக் காசு என்று கடைக்காரன் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டாவது யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பரணில் உப்பு ஜாடி தேடும்போது உன் டிவி கேமை அவன் கண்டுபிடித்துவிட்டான். அந்தச் சிவப்பும் வெள்ளையுமான பெட்டி, கேசட்டுகள், துப்பாக்கி எல்லாம் அப்படியே இருக்கின்றன.

தம்பி, 1993-ல் நான் ஏற்காட்டில் எட்டு மாதம் இருந்தேனே, எஸ்டேட் பங்களாக்களுக்கு டிஷ் ஆன்டெனா போடும் வேலை என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். வேலை இருந்தது உண்மை. சன் டிவி வந்த வருடம், எல்லோருக்கும் டிஷ் வேண்டியிருந்தது. ஆனால் அது மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் மலையில் உட்கார்ந்திருந்தது ரோஷத்தால். உன் அம்மா சொன்ன ஒரு சொல். என்ன சொல் என்பது இப்போது எங்கள் இருவருக்குமே சரியாக நினைவில்லை. உனக்கு இது தெரிந்தே இருக்கும், நாம்தான் பேசியதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ராத்திரியில் லேடீஸ் சீட்டில் போய் நின்றால் சேலம் முழுவதும் விளக்காகத் தெரியும். அதில் அம்மாப்பேட்டை எது என்று தேடுவேன். தேடத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை.

அந்தத் தீபாவளிக்குத்தான் பர்மா பஜாரிலிருந்து ஒருவர் மூலம் அந்த டிவி கேமை வரவழைத்து, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து உனக்கு அனுப்பினேன். நான் வரவில்லை. பெட்டி வந்தது. ஒரே வரியில் எழுதிவிட்டாய் என்று மேலே உன்னைக் குறை சொன்னேன், நான் அந்த ஒரு வரிகூட எழுதவில்லை. தை மாதம் நான் வீடு திரும்பியபோது நீ டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாய். தலையைத் திருப்பவில்லை. தெருப் பிள்ளைகள் யாரையும் நீ ஆட்டத்தில் சேர்ப்பதில்லை என்று அம்மா சொன்னாள். பக்கத்தில் இரண்டாவது கன்ட்ரோலர் கிடந்தது. ஒயரைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட்கூட அவிழ்க்காமல், கடையிலிருந்து வந்தபடியே கிடந்தது. நான் அதை எடுத்து அவிழ்த்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். கடை சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை அதைப் பரணிலிருந்து இறக்கியபோது அந்த ரப்பர் பேண்ட் உதிர்ந்து ஒயரோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

பாப்பா சாப்பிடுகிறாள், வேலை செய்கிறாள், சிரிக்கவும் செய்கிறாள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு நெடுநேரம் இறங்கி வருவதில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பணம் அப்படியே இருக்கிறது. ஒயர்மேனை வரச் சொல்லட்டுமா, வேண்டாமா என்று மட்டும் தெரிவி. உன்னை வா என்று நான் எழுதவில்லை, வேலை இருக்கும்.

பழைய டிவி கேம் ஓடுகிறது. அடாப்டரில் ஒரு கண்டென்சர் மாற்றினேன், அவ்வளவுதான். ஹால் டிவியில் ஏ.வி. கம்பியைச் செருகியதும் மரியோ வந்துவிட்டான், தாத்தாவும் பேரனுமாக ஒரு மணி நேரம் ஆடினோம். துப்பாக்கி மட்டும் சுடவில்லை. அது பிக்சர் டியூப் வெளிச்சத்தைப் பிடித்துத்தான் வேலை செய்யும், இன்றைய டிவியில் வாத்து ஒன்றும் விழாது. கடையில் பழைய 29 அங்குல டியூப் டிவி ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவா என்று பொடியன் நச்சரிக்கிறான். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா