வட்டாரத்தில தோத்தவ எழுதுற நன்றி

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் போய் இவ்வளவு நாளாச்சு, இன்னும் ஒருத்தருக்கும் ஒழுங்கா நன்றி சொல்லல்ல எண்டு அம்மா ஏசிப்போட்டா, அதால ராவோட ராவா இருந்து எழுதுறன், பிழை கிடந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல உள்ளதச் சொல்லிடுறன். வட்டாரத்தில நான் தோத்துத்தான் போனன். எங்கட பக்கம் எடுத்த மொத்த வோட்டுக்குப் பட்டியல்ல கிடைச்ச ஆசனத்திலதான் பிரதேச சபைக்குப் போறன். "கோட்டாவில வந்தவ" எண்டு சந்தியில கதைக்கிறதும் காதில விழுது. ஓம், பொம்பிளையளுக்கு எண்டு ஒதுக்கின கோட்டாதான், அதில என்ன வெட்கம்? 1931ல இருந்து இந்த நாட்டில பொம்பிளையளுக்கு வோட் இருக்கு, ஆனா 25 வீதம் எண்டு சட்டம் வந்து 2018ல தேர்தல் நடக்கும் வரைக்கும் உள்ளூர் சபையள்ல நூற்றுக்கு ரெண்டு பேர் அளவிலதான் பொம்பிளையள் இருந்தாங்க. 2024ல பாராளுமன்றத்துக்கு 20க்கு மேல பொம்பிளையள் போகேக்க நாங்களும் டிவிக்கு முன்னால இருந்து கை தட்டினம், பிறகு பாத்தா எங்கட திருகோணமலை மாவட்டத்து 4 ஆசனத்திலயும் ஆம்பிளையள்தான். அண்டைக்கு எனக்கு ஒரு மாதிரிப் போச்சு.

நோமினேஷனுக்கு என்னட்ட வந்தவங்களும் "பேர மட்டும் தாங்க தங்கச்சி, மிச்சத்த நாங்க பாக்கிறம்" எண்டுதான் கேட்டாங்க. பேரோட விடாம வெயிலுக்குள்ள என்னோட நடந்தது நீங்கதான்.

உப்புவெளிக் கரையில கருவாடு போடுற அக்காமாரே, காயப்போட்டத அப்பிடியே விட்டுட்டு வந்தீங்க. வாக்குச்சீட்டில ஆக்களின்ட பேர் இருக்காது, கட்சிப் பேரும் சின்னமும்தான், இவட பேரத் தேடிக்கொண்டு நிக்காதீங்க ஆச்சி எண்டு வீடு வீடா கடுதாசியில கீறிக் காட்டினீங்களே, அத நான் போய்ச் சொல்லியிருந்தா அரைவாசிப் பேர் கேட்டிருக்க மாட்டாங்க.

போஸ்டர்ல என்ட முகத்த மட்டும் கிழிச்ச ஆக்களும் இருந்தாங்க. யாரெண்டு தெரியும், விடுங்க. விடியிறதுக்குள்ள திரும்ப ஒட்டின பக்கத்து வீட்டுப் பொடியனுகளுக்கு இன்னும் ஒரு ஐஸ்கிறீம் கடன் இருக்கு. அபயபுர அக்கா என்ட உடைஞ்ச சிங்களத்தக் கேட்டுச் சிரிச்சுப்போட்டு நோட்டீஸ் முழுக்க அவவே எழுதித் தந்தா. ஆட்டோத் தம்பி பெற்றோல் காசு வாங்கவே இல்ல, அவர்ட மனுசிக்கு இன்னும் என்னில கோபம், நியாயம்தான்.

எங்கட வீட்டுக்காரருக்கும் நன்றி. ஒரு மாசமா அவர்தான் சமையல், பருப்பில உப்புக் கூடின நாளையள்லயும் நான் வாயே திறக்கல்ல.

விடியக் காலமை 4 மணிக்குக் கரைக்குப் போற ஒழுங்கையில லைட் இல்ல எண்டு அக்காமார் சொன்னீங்கதானே, சபையில நான் குடுத்த முதல் கடிதம் அதுதான். இன்னும் போடல்ல, விடாமக் கேட்டுக்கொண்டு இருக்கிறன்.

மூதூர் ராத்தா, மூண்டு நாள் எல்லாருக்கும் சோறு குடுத்தனுப்பின சட்டி ரெண்டும் எங்கட வீட்டிலதான் கிடக்கு. சனிக்கிழமை பஸ்ல கொண்டாறன், வீட்டில நில்லுங்கோ.