அந்தக் கோட்டைகளைக் கட்டியது கதார்கள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் தெற்குப் பிரான்சின் மலைக்கோட்டைகளைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பிரான்ஸ் என்றாலே பாரிஸ், அதை விட்டால் லுவார் ஆற்றங்கரை அரண்மனைகள் என்று எழுதுபவர்களுக்கு நடுவே, ஓட் மாவட்டத்துக் கோர்பியேர் மலைப்பக்கம் ஒரு தமிழ்ப் பத்திரிகை எட்டிப் பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். பதினோரு வருஷமாகத் துலூஸில் குடியிருக்கிறேன், லீவு கிடைத்தால் அந்த மலைகளுக்குத்தான் போவேன், அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பெய்ர்பெர்த்யூஸ் கோட்டைப் படத்துக்குக் கீழே, போப்பின் படைக்குப் பயந்த கதார்கள் மலையுச்சியில் கட்டிக்கொண்ட கோட்டை என்று போட்டிருந்தீர்கள். அது தவறு. சின்னத் தவறு என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அந்தச் சுவர்களில் பெரும்பகுதியை எழுப்பியது கதார்களை ஒழித்த தரப்பு.

கதார்கள் திருச்சபையிலிருந்து விலகித் தனி வழியில் போன ஒரு கிறிஸ்தவ மார்க்கத்தினர், கதார்கள் என்பதே அடுத்தவர்கள் வைத்த பெயர். அவர்கள் தங்களை நல்ல கிறிஸ்தவர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஒக்சித்தான் பேசிய இந்தப் பகுதியில் (அந்த மொழியில் 'ஆமாம்' என்பதற்கு 'ஓக்', லாங்குதோக் என்று இந்தப் பகுதிக்கு இருக்கும் பெயரே அதிலிருந்து வந்ததுதான்) இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டு, மீனை மட்டும் விலக்காமல், துறவிகளைப் போல வாழ்ந்தவர்கள் இந்த மார்க்கத்தின் பெரியவர்கள். பெண்களும் அந்த நிலைக்கு வரலாம். திருச்சபை இதை மதத்துரோகம் என்றது. மூன்றாம் இன்னசென்ட் போப்பின் அழைப்பில் வடக்கிலிருந்து சிலுவைப்படை இறங்கியது, 1209 ஜூலை 22-ஆம் தேதி பெசியே நகரத்துக்குள் புகுந்து கதார், கத்தோலிக்கர் என்று பாராமல் ஆயிரக்கணக்கானவர்களை வெட்டிப் போட்டது. இந்த மக்களுக்குக் கோட்டை கட்டும் வழக்கமே கிடையாது. ஊர்களில், தங்களை ஆதரித்த பிரபுக்களின் அரண்களுக்குள், வீடு வாசல் வைத்து நெசவும் தையலுமாக வாழ்ந்தார்கள், ஆபத்து வந்தபோது அந்தப் பிரபுக்களிடமே அடைக்கலம் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் நீங்கள் படம் போட்ட கோட்டை யாருடையது? அங்கே முன்பு உள்ளூர்ப் பிரபு ஒருவரின் சின்னக் கோட்டை இருந்தது உண்மை. 1240-இல் அது பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் கைக்கு வந்தது. 1242-இல் அவர் உத்தரவில்தான் மேல்பாறைக்கு ஏறும் படிக்கட்டைச் செதுக்கினார்கள், உச்சியில் இருக்கும் சான் ஜோர்தி கோட்டையும் அரச தரப்பு கட்டியதுதான். பக்கத்து மலையில் இருக்கும் கெரிபுஸ் 1255-இல் விழுந்தது. 1258-இல் கோர்பெய் ஒப்பந்தத்தில் அரகோன் மன்னரோடு எல்லை பிரித்துக்கொண்ட பிறகு பெய்ர்பெர்த்யூஸ், கெரிபுஸ், புய்லோரான்ஸ், தெர்ம், அகிலார் ஐந்தும் பிரான்சின் தெற்கு எல்லைக் காவல் கோட்டைகள் ஆயின. இங்கே இவற்றைக் கர்க்கசோன் நகரத்தின் ஐந்து மகன்கள் என்பார்கள். இன்றைக்கு நாம் அண்ணாந்து பார்க்கிற மதில், அம்பு எய்யும் துளைகள், கெரிபுஸில் ஒற்றைத் தூண் தாங்கும் அந்த அழகான கூடம், புய்லோரான்ஸில் ஏறி வருகிறவனை வளைத்து வளைத்து நடக்கவைக்கும் குறுக்குச் சுவர்கள், எல்லாம் பெரும்பாலும் அரசக் கொத்தர்களின் வேலை. 1659-இல் பிரனீஸ் ஒப்பந்தம் எல்லையை இன்னும் தெற்கே தள்ளியதும் அவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. தெர்ம் கோட்டையை அதற்குச் சில வருஷம் முன்பே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

நான் முதல்முறை போனது ஒரு சுற்றுலா வேனில். எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டாம், எல்லாரும் சொல்கிற கதையைத்தான் அவர்களும் சொன்னார்கள். நாற்பது நிமிஷம் கொடுத்தார்கள், நெருப்பில் எரித்துக் கொல்லப்பட்ட கதார்களின் கோட்டை இது என்றார்கள். கெரிபுஸின் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், அந்தக் கல்லை அவர்களும் தொட்டிருப்பார்கள் என்று நினைத்து அழுகையே வந்தது. அடுத்த வருஷம் மோன்செகூர் ஊரில் உள்ள சின்ன அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பலகையாக நின்று படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோபமாக வந்தது. தோற்றவர்களுக்குச் செலுத்தவேண்டிய மரியாதையை ஜெயித்தவர்களின் சுவருக்குச் செலுத்திவிட்டு வந்திருக்கிறேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்கள் வாசகர் ஒருவருக்கும் அப்படி ஆகக்கூடாது.

கதார்கள் அடைக்கலம் புகுந்த மோன்செகூர் மலைக்கோட்டை, பக்கத்து மாவட்டமான அரியேஜில் இருக்கிறது, 1,207 மீட்டர் உயரம். 1243 மே மாதம் தொடங்கிய முற்றுகை 1244 மார்ச்சில் முடிந்தது. சரணடைந்த பிறகு பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார்கள்: மார்க்கத்தை விட்டால் உயிர், இல்லையென்றால் நெருப்பு. அந்த நாட்களில், சாவு நிச்சயம் என்று தெரிந்தே, புதிதாகச் சுமார் இருபது பேர் தீட்சை வாங்கிக்கொண்டார்கள். மார்ச் 16-ஆம் தேதி இருநூறுக்கும் மேற்பட்டவர்களை எரித்தார்கள். மலைக்கு ஏறும் பாதையின் தொடக்கத்தில் உள்ள புல்வெளியில் 1960-இல் வைத்த நினைவுக்கல் ஒன்று இருக்கிறது, ஒக்சித்தான் மொழியில் 'கதார்களுக்கு, தூய கிறிஸ்தவ அன்பின் தியாகிகளுக்கு' என்று எழுதியிருக்கும். நான் போன அன்று அதன் அடியில் யாரோ காட்டுப் பூக்களை நூலால் கட்டி வைத்திருந்தார்கள், நூல் நனைந்து கறுத்திருந்தது.

அங்கேயும் உச்சியில் நிற்கும் கோட்டை 1244-க்குப் பிறகு புதிய பிரபு குடும்பம் கட்டியது. ஆனால் அவசரப்படாமல் மதிலுக்கு வெளியே வடக்குப் பக்கம் வந்து பாருங்கள். சரிவில் படிப்படியாக வெட்டிய மேடைகளும் முழங்கால் உயரத்துக்குக் கூட வராத சுவர் அடிகளும் தெரியும். அவை வீடுகள். ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி, எங்கள் வீட்டு அடுக்களை அளவுகூட இல்லாத வீடுகள். இங்கே தோண்டி எடுத்த கத்தரிக்கோல், பகடைக்காய், அம்பு முனையெல்லாம்தான் கீழே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பத்து மாதம் முற்றுகைக்குள் உட்கார்ந்துகொண்டு யாரோ துணி வெட்டியிருக்கிறார்கள், யாரோ பகடை உருட்டியிருக்கிறார்கள். கதார்களைப் பார்க்க வேண்டும் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். ஓட் மாவட்டத்து லஸ்தூர் ஊரிலும் இப்படித்தான், முகட்டில் வரிசையாக நிற்கிற நாலு கோட்டையைப் படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் திரும்பிவிடுகிறார்கள், சரிவில் தோண்டி வெளிக்கொணர்ந்த பழைய கபாரே ஊரின் அடித்தளங்களை நின்று பார்ப்பவர்கள் குறைவு.

கட்டுரையில் தெர்ம் கோட்டைக்கு அரை வரிதான் கிடைத்திருந்தது, இடிபாடு மட்டுமே என்று. ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1210-இல் சிலுவைப்படைத் தலைவர் சிமோன் தெ மோன்ஃபோர் அதை ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை முற்றுகையிட்டார். உள்ளே திராட்சைமது நிறைய இருந்தது, தண்ணீர் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கோட்டையைக் கொடுத்துவிடுகிறோம் என்று பேசி முடித்தார்கள், அன்றைக்கு ராத்திரியே கொட்டு கொட்டு என்று மழை கொட்டியது, தொட்டிகள் நிரம்பின, விடிந்ததும் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆனால் அந்தத் தண்ணீரே அவர்களுக்கு எமன் ஆனது. அதைக் குடித்துச் சமைத்துச் சாப்பிட்டவர்களை வயிற்றுக்கடுப்பு வாரிக்கொண்டு போனது. கடைசியில் இருட்டில் தப்பி ஓடப் பார்த்தார்கள், பலர் பிடிபட்டார்கள், வயதான பிரபு ரெய்மோன் கர்க்கசோன் சிறையில் செத்துப்போனார். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கல்குவியலுக்கு நடுவே நின்று பாருங்கள், முழுசாக நிற்கும் கோட்டைகளில் வராத நடுக்கம் அங்கே வரும்.

அப்புறம், ஐந்து கோட்டைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தது. தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம். சாலைகள் எல்லாம் வளைவுகள், பொதுப் பேருந்தை நம்பிப் போக முடியாது, ஒவ்வொரு கோட்டைக்கும் வண்டியை நிறுத்திவிட்டுக் கால்மணி, அரைமணி மலை ஏற வேண்டும், மேலே நிழலும் கிடையாது. நாளைக்கு இரண்டு போதும். சான் ஜோர்தி படிக்கட்டின் விளிம்பில் நடக்கும்போது காற்று ஆளையே தள்ளும், ஒருமுறை என் மாமியாரைப் பாதிப் படியில் உட்கார வைத்துப் பாறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், படிகள் அத்தனை வழவழப்பு. இடி மின்னல் வந்தால் கோட்டையை மூடிவிடுவார்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் மலைப்பாதைகளையே மூடுவார்கள், 2025 ஆகஸ்டில் கோர்பியேரில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் எரிந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல், மே, இல்லையென்றால் செப்டம்பர் கடைசியில் வாருங்கள்.

நெடுஞ்சாலைப் பலகையிலிருந்து தேன் பாட்டில் வரைக்கும் 'கதார் நாடு' என்றுதான் இங்கே எழுதியிருக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன், திராட்சையையும் சுற்றுலாவையும் விட்டால் இந்தச் சின்ன ஊர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது, அந்தப் பெயரை நம்பி வருகிறவர்களால்தான் குகுன்யான் மாதிரி ஊர்களில் கடை திறந்திருக்கிறது. ஆனால் செய்தித்தாளில் அச்சாவது வேறு. அதை வெட்டி வைத்துக்கொண்டு டிக்கெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வரும் ஞாயிறு இணைப்பிதழில் ஒரு திருத்தம் போடுங்கள். 'பிரெஞ்சு அரச எல்லைக் காவல் கோட்டை, 13-ஆம் நூற்றாண்டு' என்று படக்குறிப்பை மாற்றினால் போதும். மோன்செகூரின் வடக்குச் சரிவில் நான் எடுத்த படங்கள் சில இருக்கின்றன. கேட்டால் இலவசமாகவே அனுப்பி வைக்கிறேன், இடம் இருந்தால் கோட்டைப் படத்துக்குப் பக்கத்தில் அந்த வீடுகளின் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
துலூஸிலிருந்து ஒரு வாசகி