கார் ஏசிக் காஸைத் தராசில் அளந்தே ஏற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் கார் ஏசி வேலைக்கு வரிசை நிற்கும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பென்ஸ், பீஎம்டபிள்யூ, அவுடி கார்களும் அதில் உண்டு. பல இடங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான்: அழுத்தம் காட்டும் கேஜைப் பூட்டி, முள்ளைப் பார்த்து, "காஸ் குறைஞ்சிட்டுது" என்று சொல்லி, அரை ரின் ஏற்றி அனுப்பிவிடுவது. கொஞ்ச நாளில் அதே கார் அதே குறையோடு திரும்பி வரும். உரிமையாளர்களும் இளம் மெக்கானிக்மாரும் அறிய வேண்டிய சில விஷயங்கள் இதில் உள்ளன.

ஏசிக் காஸ் பெற்றோல் போல எரிந்து தீர்வதில்லை. றப்பர் ஹோஸ் வழியாக வருடத்துக்குச் சிறிதளவு கசியும், அவ்வளவுதான். ஒரே பருவத்தில் குளிர் விட்டுப்போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் காஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்ப்பதுதான்.

முள்ளைப் பார்த்துக் காஸின் அளவைச் சொல்லவும் முடியாது. எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது, குழாய்க்குள் கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும் வரை ஆர்134ஏ என்ற வழக்கமான ஏசிக் காஸின் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே காட்டும். 32 பாகை செல்சியஸில் அது சுமார் 104 பிஎஸ்ஐ (அழுத்த அலகு). உள்ளே 400 கிராம் இருந்தாலும் அதேதான், 800 கிராம் இருந்தாலும் அதேதான். எஞ்சின் ஓடும்போதும் ஐரோப்பியக் கார்கள் ஏமாற்றும். அவற்றில் பெரும்பாலும் காஸை அழுத்தும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் கொம்பிரசர், பலவற்றில் அதை எஞ்சினோடு சேர்த்து விலக்கும் கிளச்சே கிடையாது. பெல்ட் ஓடும் சில்லு (pulley) எந்நேரமும் சுற்றும். உள்ளே இருக்கும் தட்டின் சரிவைக் கட்டுப்பாட்டு வால்வ் கூட்டிக் குறைத்து, தாழ் அழுத்தப் பக்கத்தை 30 பிஎஸ்ஐ அளவில் பிடித்து வைத்துக்கொள்ளும். காஸ் ஓரளவு குறைந்தாலும் கேஜ் நல்ல பிள்ளையாகவே நிற்கும். ஜப்பான் கார்ப் பழக்கத்தில் கிளச் "டக்" என்று விழும் சத்தத்துக்குக் காத்திருந்தால், நல்ல கொம்பிரசரையும் பழுது என்று கழற்ற வேண்டி வரும். ஸ்கானரைப் பூட்டி, வால்வுக்குப் போகும் மின்னோட்டத்தையும் உயர் அழுத்த சென்சரின் அளவையும் முதலில் பார்க்க வேண்டும். மின்னோட்டம் முழுதாகப் போயும் இரண்டு பக்க அழுத்தமும் விலகாவிட்டால்தான் கொம்பிரசர் அல்லது வால்வ் மீது சந்தேகம் வைக்கலாம்.

எல்லாக் குறையும் காஸ் குறைவால் வருவதல்ல. ஓடும்போது குளிர்ந்து, சந்தியில் நின்றால் சூடாகும் கார் என்றால் காஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் விசிறியைப் பாருங்கள். கண்டென்சரில் தண்ணீர் தெளித்தவுடன் அழுத்தம் இறங்கிக் குளிர் வந்தால் குறை காற்றோட்டத்தில்தான். கடற்கரை மணலும் உப்பும் கண்டென்சருக்கும் றேடியேட்டருக்கும் இடையில் படிந்து அடைக்கும். நல்ல தண்ணீரை மெதுவாக, பின்பக்கமிருந்து முன்பக்கமாக அடித்துக் கழுவ வேண்டும். பிரஷர் வாஷர் இதழ்களை மடக்கிவிடும். ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு என்றால் காஸ் குறைவாகவும் இருக்கலாம், டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் கதவின் மோட்டராகவும் இருக்கலாம். பழைய பென்ஸ், பீஎம்டபிள்யூ மொடல்களில் ஹீற்றருக்குச் சுடுநீர் விடும் வால்வ் திறந்தபடி நின்றுவிடுவதும் உண்டு. ஹீற்றர் ஹோஸைக் கவ்வியால் நெருக்கிப் பார்த்தால் அது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரியான வேலை உள்ளே இருக்கும் காஸை மெஷினில் இழுத்து எடை பார்ப்பதில் தொடங்குகிறது. பொனட்டின் கீழ் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். 750 இருக்க வேண்டிய இடத்தில் 420 வந்தால் கசிவு நிச்சயம். பிறகு 10 பார் அழுத்தத்தில் உலர் நைதரசன் அடித்து, சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். டயர் அடிக்கும் காற்றை உள்ளே விடக்கூடாது. அதில் ஈரம் இருக்கிறது. நமது ஊரில் உப்புக் காற்று முதலில் தின்பது கண்டென்சரின் கீழ் மூலைகளையும், அலுமினியக் குழாயில் இரும்பு போல்ட் தொடும் மூட்டுகளையும். டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் இவாபரேற்றரின் கசிவை, தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் டிடெக்டரை வைத்துப் பார்க்கலாம்.

குழாயைத் திறந்தால் மூட்டுகளின் றப்பர் வளையமான ஓ-றிங்கும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிதாக வேண்டும். காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுக்கும் வக்யூம் பம்ப் குறைந்தது அரை மணித்தியாலம் ஓட வேண்டும். 30 பாகையில் தண்ணீர் கொதித்து ஆவியாக, அழுத்தம் 42 மில்லிபாருக்குக் கீழே இறங்க வேண்டும். பத்து நிமிட வக்யூமில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அது ஒயிலோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்பிரசரை அரிக்கும். கொம்பிரசர் மாற்றும்போது பழையதில் இருந்த ஒயிலை வடித்து அளந்து, புதியதிலும் அதே அளவை விட வேண்டும். கடைசியில் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவைத் தராசில் வைத்து ஏற்றுவது. கூடுதலாக ஏற்றினால் குளிர் அதிகரிக்காது. கண்டென்சர் திரவத்தால் நிரம்பி, உயர் அழுத்தம் ஏறி, எஞ்சின் இழுபட்டு, ஏசி தானே நின்றுவிடும். கசிவை அடைக்கும் மருந்து கலந்த ரின்னைத் தொடவே வேண்டாம். ஈரம் பட்ட இடத்தில் அது இறுகி வால்வை அடைத்துவிடும், காஸ் மெஷினையும் கெடுக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 தொடக்கம் விற்கப்படும் புதிய கார்களில் ஆர்134ஏ கிடையாது. பெரும்பாலும் ஆர்1234வைஎஃப் என்ற புதிய காஸ்தான் வருகிறது. அது இலேசாகத் தீப்பற்றும். அதன் பூட்டுவாயே வேறு அளவு. அடப்ரர் போட்டு மலிவான பழைய காஸை ஏற்றினால், அடுத்து அந்தக் காரைத் தொடுபவரின் மெஷினும் சிலிண்டரும் கலப்படமாகிவிடும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது பிளக்-இன் ஹைபிரிட் கார்கள். அவற்றில் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது; செம்மஞ்சள் வயரைக் கண்டாலே கையை எடுக்க வேண்டும். அதற்குரியது மின்னைக் கடத்தாத பீஓஈ ஒயில். சாதாரண கார் ஏசிகளில் விடும் பீஏஜி ஒயில் சிறிதளவு கலந்தாலே மின்காப்பு குறைந்து, கார் ஸ்டார்ட் ஆக மறுக்கலாம். காஸ் மெஷினின் ஹோஸில் முந்திய காரின் ஒயில் தங்கியிருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. பீஎம்டபிள்யூ 530ஈ போன்றவற்றில் பெரிய பற்றரியைக் குளிர்விப்பதும் இதே காஸ்தான். அங்கே கசிவைக் கவனிக்காமல் விட்டால் வெப்பத்தில் பற்றரியின் ஆயுள் குறையும்.

ஆகவே வாகன உரிமையாளர்கள் கராஜில் கேட்க வேண்டியது: எத்தனை கிராம் வெளியே வந்தது, எத்தனை கிராம் ஏற்றப்பட்டது, கசிவு எந்த இடத்தில். மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். நமது மாவட்டத்தில் தொழிற்பயிற்சி நடத்துவோரும் மோட்டர் மெக்கானிக் வகுப்பில் புதிய காஸையும் உயர் மின்னழுத்தப் பாதுகாப்பையும் சேர்க்க வேண்டும். இந்த வேலையில் கை வைக்கும் பிள்ளைகள் பலர் எந்தக் கையுறையும் இல்லாமல்தான் செம்மஞ்சள் வயரைத் தொடுகிறார்கள்.

இப்படிக்கு,
வாகன ஏசி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.