என் மகனுக்குக் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏழாம் வகுப்பு மாணவனின் தாய்,
சோமனூர், சூலூர் வட்டம்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பம். என் மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் ரெண்டு மணி நேரம் கரண்ட் போனது. நாலு தறியும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆனாலும் மொத்தம் எத்தனை மீட்டர் துணி குறைந்தது என்று அவன் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டான். அவன் அப்பா காகிதத்தில் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது.

அதே பையன் 'கொடு' என்று எழுதச் சொன்னால் 'கெடு' என்று எழுதுகிறான். பத்து வரி வாசிக்க அரை மணி நேரம் ஆகிறது. "நீ படிச்சுக் காட்டுமா, நான் பதில் சொல்றேன்" என்பான். படித்துக் காட்டினால் சொல்லியும் விடுவான்.

காதால் கேட்டதை வைத்தே பரீட்சையில் நாற்பது மார்க் வாங்கிவிடுகிறான். பரிசோதனைக்குக் கேட்டுப் போன இடத்தில், "பாஸ் ஆகிற பையனுக்கு எதுக்குங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐயா, அவனுடைய புத்தியே அவன் குறையை மறைக்கிறது. அந்தக் குறையோ அவன் புத்தியை யார் கண்ணிலும் படவிடுவதில்லை. சோம்பேறி என்ற பேர்தான் மிச்சம்.

எனக்கு ரொம்பவும் வலித்தது ஒன்று உண்டு. வானவில் மன்றத்தில் அறிவியல் சோதனை செய்யும் நேரத்தில் இவனை மட்டும் தனியாக உட்கார வைத்து, பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஆசையாகப் போவதே அந்த வகுப்புக்குத்தான். அன்று வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. அதைச் சின்ன வயதிலேயே கண்டறிய வேண்டும் என்றும் சொல்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைக்கும். ஆனால் சான்றிதழ் இருந்தால்தான் கேட்க முடியும். அடுத்த வருடம் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு வருகிறது. அதன் மனத்திறன் தாளில் மட்டும் 90 நிமிடத்தில் 90 கேள்வி. தேர்வில் தேறினால் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. மனத்திறன் கேள்விகளை யாராவது வாசித்துக் காட்டினால் இவன் போட்டுவிடுவான். தானே வாசிப்பதென்றால் பாதிக் கேள்வியைக்கூடத் தொட மாட்டான்.

ஆகவே, எங்கள் வட்டார வள மையத்தின் மூலம் என் மகனுக்கு உளவியலாளரைக் கொண்டு பரிசோதனை செய்து, குறை இருப்பது உறுதியானால் சான்றிதழ் கிடைக்க வழி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். திறன் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்ட ஒருவரை அனுமதிக்க வேண்டும். எழுத்துப் பயிற்சிக்கு வேறு நேரம் ஒதுக்கி, வானவில் மன்றத்தில் அவனை மறுபடி உட்கார வைக்கச் சொல்ல வேண்டும். மார்க்கை மட்டும் பார்க்காமல், வாயால் சரியாகச் சொல்லி எழுத்தில் தடுமாறும் மற்ற பிள்ளைகளையும் கணக்கெடுக்கப் பள்ளிகளுக்கு உத்தரவிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

அவன் எழுதிய நோட்டின் நாலு பக்க நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவனின் தாய்
(கையொப்பம்)
இடம்: சோமனூர்