எழுதியவருக்கு மெமோ வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 17, உலக நோயாளிப் பாதுகாப்பு நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஆபரேஷன் தியேட்டர் பற்றி விரிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் வார்டில் நிற்கும் செவிலியர்களான எங்கள் கண்ணில் படும் ஆபத்துகள் வேறு, தினமும் வருபவை.

எங்கள் நீலகிரியில் போஜன் என்ற பெயரில் ஒரே வார்டில் இரண்டு பேர் படுத்திருப்பது புதிதல்ல. "போஜன்தானே?" என்று கேட்டால், அரைத்தூக்கத்தில் இருக்கும் பெரியவர் யாராக இருந்தாலும் "ம்" என்பார். "உங்க பேர் என்னங்கய்யா, எந்த ஹட்டி?" என்று பேரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, உள்நோயாளி எண்ணான ஐ.பி. நம்பரையும் பார்த்த பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். வார்டு முழுக்க ஒரே சிஸ்டர் என்று ஓடும் இரவு ட்யூட்டியில் முதலில் விட்டுப்போவது இந்தக் கேள்விதான்.

அப்புறம் குளிர். விரல் ஜில்லிட்டிருந்தால், அதில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டிப் பார்ப்போம். இதிலே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது: பழகப் பழக "குளிர்தான்" என்று விட்டுவிடத் தோன்றும். அந்த எண் நிஜமாகவே இறங்கிக்கொண்டிருக்கும் நாளும் வரும். சர்க்கரை நோயாளியின் மரத்த காலில் உறவினர்கள் அன்பாக வைக்கும் வெந்நீர்ப் பை தோலைப் பொசுக்குவதும் இங்கே நடக்கிறது.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் (சிறு மருந்துக் குப்பி) ஊசி மருந்தைக் கலக்கும் தண்ணீர் ஆம்பூலும் பல கம்பெனிகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பொட்டாசியத்தைக் கலக்காமல் நேரே ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இரண்டும் ஒரே ட்ரேயில் கிடப்பதைப் பார்த்தால் எந்த சிஸ்டரும் எடுத்துத் தனியே வைத்துவிடுவார். ஆனால் எங்கேயும் எழுதமாட்டார். எழுதினால் "யார் வைத்தது?" என்ற கேள்வி வரும், பின்னாலேயே மெமோ வரும். அடுத்த ஷிஃப்டில் அதே ட்ரேயில் அதே ஆம்பூல்.

நேரவிருந்து நேராமல் போனவற்றை எழுத வார்டுக்கு ஒரு நோட்டு வையுங்கள் என்று மருத்துவமனை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எழுதியவர் பெயரைக் கேட்க வேண்டாம். மாதம் ஒருமுறை டாக்டர், ஃபார்மசிஸ்ட், சிஸ்டர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் படித்து, எதை மாற்றினோம் என்று அதிலேயே எழுதி வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
குன்னூர்.