பால்காரர் கதவு

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. போனில் எனக்குச் சண்டைதான் வரும், பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சமையலறைச் சுவரில் இருக்கும் அந்தச் சின்னக் கதவை அடைத்துவிட வேண்டும் என்கிறார் நம் வீட்டை விற்றுத் தரும் ஏஜென்ட். குளிர் உள்ளே வருமாம், பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களாம். நீயும் "அடைச்சிடும்மா, யாருக்கு வேணும் அது" என்றாய். அதோடு விட்டாயா? "கனடாவில எத்தனையோ ஊர் இருக்க, இந்த வின்னிபெக்ல அப்படி என்னதான் இருக்கு, நாற்பது வருஷத்துக்கு மேல எப்படி இருந்தே" என்று வேறு கேட்டாய். சரி, இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அது பால் கதவு. வெளிப்பக்கம் ஒரு கதவு, உள்பக்கம் ஒரு கதவு, நடுவில் மூன்று பாட்டில் நிற்கும் இடம். விடிவதற்கு முன் பால்காரர் வெளிக்கதவைத் திறந்து பாட்டிலை வைத்துவிட்டுப் போவார். வீட்டுக்காரி எழுந்து உள்கதவைத் திறந்து எடுத்துக்கொள்வாள். மைனஸ் 30-ல் வாசல் கதவைத் திறக்காமல் பால் வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காசை வெளியே வைத்தால் காணாமல் போகும் என்று முன்கூட்டியே பால் டிக்கெட் வாங்கி, காலி பாட்டிலுக்குள் போட்டு வைப்பார்களாம்.

இதெல்லாம் எனக்குப் பாபா சொன்னது. உக்ரேனிய மொழியில் பாபா என்றால் பாட்டி. நீ சின்ன வயதில் அது அவர் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாய். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன், என்னைவிட இருபது வயதுதான் மூத்தவர் என்றாலும். அவர் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். நம் வீட்டுக்கு யார் யார் வந்து போனார்கள் என்பது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

அவர் சிறுமியாக இருந்தபோது பால் வண்டியைக் குதிரைதான் இழுத்தது. கிரெசென்ட் கிரீமரி, மாடர்ன் டெய்ரீஸ் என்று பால் கம்பெனிகள். பனிக்காலத்தில் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சறுக்குக் கட்டைகளைப் பூட்டிவிடுவார்கள். குதிரைக்குத் தெரு மனப்பாடம். பால்காரர் கையில் பாட்டில் கூடையோடு நாலு வீட்டுக்கு நடந்து முடிப்பதற்குள், குதிரை தானாகவே போய் ஐந்தாவது வீட்டு வாசலில் நிற்குமாம். பால் கதவு இல்லாத வீடுகளில் பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுப் போவார்கள். எடுக்க நேரமானால் பால் உறைந்து, மேலே இருக்கும் ஆடை காகித மூடியைத் தூக்கிக்கொண்டு ஓர் அங்குலம் எழுந்து நிற்கும். பிள்ளைகள் அதை ஐஸ்கிரீம் மாதிரி கடித்துத் தின்றுவிட்டு அடி வாங்குவார்களாம். "நீங்களும் வாங்கினீங்களா" என்று கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

பேஸ்மென்டில் பேய் அறை என்று நீ பயந்த மூலை ஞாபகம் இருக்கிறதா? அது கரி அறை. வெளியே தரையோடு ஒட்டி இருக்கும் துருப்பிடித்த இரும்புக் கதவு வழியாகத்தான் நிலக்கரியைக் கொட்டுவார்கள். லாரியில் வந்து மூட்டை மூட்டையாகச் சுமந்து கொட்டும் ஆட்களுக்குக் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும். துணி உலர்த்திய அன்று கரி லாரி வந்தால் அந்த வீட்டுப் பெண்மணிக்கு அழுகை வந்துவிடும். பாபாவின் அப்பா ராத்திரியில் எழுந்து, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குக் கரி தள்ளிவிட்டு வந்து படுப்பாராம். ஒரு நாள் தூங்கிவிட்டால் காலையில் ஜன்னலின் உள்பக்கமே பனி படர்ந்திருக்கும். டவுன்டவுனில் பெரிய கட்டடங்களுக்கு அந்தக் கவலை இல்லை. 1924-ல் ஏமி தெருவில் கட்டிய நகராட்சி நீராவி நிலையத்திலிருந்து தெருவுக்கு அடியில் குழாய் வழியாகச் சூடு போனது. நம் பக்கத்துத் தெருக்களுக்கு அது வரவில்லை. 1957-ல் ஆல்பர்ட்டாவிலிருந்து இயற்கை எரிவாயுக் குழாய் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு, வீடு வீடாக அந்தக் கரி அறைகள் காலியாயின. நம் வீட்டில் அது ஊறுகாய் ஜாடி அறை ஆனது உனக்குத் தெரியும்.

ஐஸும் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. தை, மாசியில் ரெட் நதி உறைந்து கிடக்கும்போது ரம்பத்தால் அறுத்து, மரத்தூளில் புதைத்து வைத்து, கோடையில் விற்பார்கள். எத்தனை பவுண்டு வேண்டும் என்று எண் எழுதிய அட்டையை ஜன்னலில் வைத்தால் போதும், ஐஸ்காரர் அந்த அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து பெட்டியில் வைத்துவிடுவார். ஆற்றைக் கூறு போட்டு விற்றிருக்கிறார்கள் என்று நான் வாயைப் பிளந்தேன்.

நீ இதைப் படித்துவிட்டு, "இப்பவும் எல்லாம் வாசலுக்குத்தானே வருது" என்பாய். போன தடவை டொரண்டோ வந்தபோது பார்த்தேனே, ஒரு கட்டு கொத்தமல்லி தனியாக ஒரு பெட்டியில் வந்தது. கொண்டுவந்த பையன் பேர் என்ன என்று கேட்டேன். "ஆப்ல இருக்கும்மா" என்றாய்.

பாபா பதினேழு வயதில் வேலைக்குப் போனது ஈட்டன்ஸ் கடையின் மெயில் ஆர்டருக்கு, அதாவது தபாலில் கேட்கும் பொருளை அனுப்பிவைக்கும் பிரிவுக்கு. நீ பார்த்தது ஈட்டன்ஸின் கடைசிக் காலம். போர்ட்டேஜ் அவென்யூவில் 1905-ல் திறந்த அந்தச் செங்கல் கடை, ஐம்பதுகளில் ஊரின் இதயம் மாதிரி இருந்திருக்கிறது. வின்னிபெக்காரர்கள் கடையில் செலவழித்த டாலரில் பாதிக்கு மேல் அங்கேதான் போனது என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். கடையைவிட எனக்குச் சுவாரசியமாக இருந்தது மெயில் ஆர்டர்தான். கேட்லாக் என்கிற அந்தப் பொருள் பட்டியல் புத்தகம் போகாத பண்ணை வீடு கிடையாது. புதுசு வந்ததும் பழசு கழிப்பறைக்குப் போகும், இல்லாவிட்டால் பையன்கள் அதை முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டு ஹாக்கி ஆடுவார்கள். "பொருள் திருப்தி, இல்லையேல் பணம் வாபஸ்" என்பது அந்தக் கடையின் வாக்கு.

பாபாவின் வேலை, வருகிற ஆர்டரைப் பார்த்துப் பொருளை எடுத்துக் கொடுப்பது. சில கடிதங்களில் அளவே இருக்காதாம். "என் மகள் வேலியில் மேல் கம்பி உயரம் இருப்பாள், அவளுக்கு ஒரு கோட்" என்று எழுதியிருப்பார்கள். பாபா பண்ணையில் வளர்ந்தவர் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிராமத்திலிருந்து வந்த பெண்களிடம் வேலி எவ்வளவு உயரம் என்று விசாரிப்பார். அந்தக் கோட் திரும்பி வரவில்லை என்பதைச் சொல்லும்போது எழுபது வயதிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை. 1976-ல் கேட்லாக்கை நிறுத்தினார்கள், 1999-ல் கடையும் போயிற்று. இடித்துவிட்டு ஹாக்கி அரங்கம் கட்டினார்கள். ஊழியர்கள் காசு சேர்த்து 1919-ல் கொடுத்த, கடையை ஆரம்பித்த டிமோதி ஈட்டனின் சிலை மட்டும் அந்த அரங்கத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. பரீட்சைக்கு முன்னால் உன்னைக் கூட்டிக்கொண்டு போய், அதிர்ஷ்டம் வரும் என்று அதன் பூட்ஸ் நுனியைத் தேய்க்க வைத்தார் உன் அப்பா. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கமாட்டேன் என்று வீம்பு பிடித்த மனிதர்!

ஹட்சன்ஸ் பே கடையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறாவது மாடியில் 1954-ல் திறந்த பேடில்வீல் உணவகத்தில் சிவப்பு ஜெல்லி கேட்டு அழுதவள் நீ. இப்போது அந்தக் கட்டடம் முழுவதும் தெற்கு மனிடோபா பூர்வகுடித் தலைவர்களின் அமைப்பிடம் இருக்கிறது. யாருடைய நிலத்தில் யார் கடை போட்டார்கள் என்று யோசித்தால் அது நியாயம்தான்.

ஆனால் பாபாவின் அம்மா டவுன்டவுனுக்கு வருஷத்தில் ஒரு தடவை போனால் அதிகம். அவருக்கு எல்லாம் செல்கிர்க் அவென்யூதான். அங்கே ஒரெட்ஸ்கி என்று யூதக் குடும்பத்தின் பெரிய கடை. துணியிலிருந்து தட்டுமுட்டுச் சாமான் வரை அங்கேயே முடிந்துவிடும். 1937-லிருந்து இருக்கும் கன்ஸ் பேக்கரியில்தான் நாமும் ரொட்டி வாங்கினோம். அந்தத் தெருவில் உக்ரேனிய மொழி, போலிஷ், யிட்டிஷ், ஜெர்மன் எது பேசினாலும் யாராவது ஒரு கடைக்காரருக்குப் புரியும். ஆங்கிலம் வராததால் வெட்கப்பட வேண்டியதில்லை. மளிகைக் கடையில் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்துவிடுவார்கள், சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார்கள். பாளையங்கோட்டையில் அண்ணாச்சி கடை நோட்டு இருந்ததே, அதே நோட்டுதான், எழுத்து மட்டும் வேறு. பெரிய தொகை வேண்டுமென்றால் தங்களுக்குள்ளேயே பணம் போட்டு ஆரம்பித்த கடன் சங்கம் இருந்தது. உக்ரேனியர்களின் கார்பாத்தியா 1940-ல் தொடங்கியது.

இதையெல்லாம் கேட்டால் பொற்காலம் மாதிரி இருக்கும். நானும் ஒரு நாள் அப்படித்தான் பாபாவிடம் பெருமூச்சு விட்டேன். "உனக்கு என்ன தெரியும்" என்று சட்டென்று சொல்லிவிட்டார். அவர் அக்கா டைப்பிங் படித்துவிட்டு ஓர் அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனாராம். குடும்பப் பெயரைப் பார்த்ததுமே இடமில்லை என்றார்கள். பெயரின் வாலை வெட்டி ஆங்கிலப் பெயராக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார், வேலை கிடைத்தது. அப்பா சாகும்வரை அந்தப் பெயரை வாயால் சொல்லவில்லை.

தெரு முனையில் ஒரு சீனர் சலவைக் கடை வைத்திருந்தார். சட்டைக் காலரைப் பலகை மாதிரி விறைப்பாகக் கஞ்சி போட்டுத் தருவார். கடைக்குப் பின்னாலேயே தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவார். அவருக்குக் குடும்பமே இல்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். குடும்பம் இருந்தது, சீனாவில். 1923-லிருந்து 1947 வரை சீனர்களை உள்ளே விடாத சட்டம் இருந்ததால் மனைவியைக் கூட்டிவர வழியில்லை. நமக்கு மட்டும் என்ன? 1951-ல்தான் ஒப்பந்தம் போட்டு, வருஷத்துக்கு இந்தியாவிலிருந்து 150 பேர், சிலோனிலிருந்து 50 பேர் என்று எண்ணி விட்டார்கள். அது முழுக் கனடாவுக்கும். ஒரு கல்யாணப் பந்திக்குக்கூடக் காணாது. 1967-ல் படிப்பு, வேலைத் திறமைக்குப் புள்ளி போட்டு ஆட்களை எடுக்கும் முறை வந்த பிறகுதான் உன் அப்பா மாதிரி ஆட்கள் இந்தக் கதவுக்குள் நுழைய முடிந்தது. அப்புறம் பீர் கடை விஷயம், ஐம்பதுகளின் நடு வரை பெண்கள் உள்ளே கால் வைக்கக்கூடாது. அது ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை என்றார் பாபா. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தில் இந்த ஊரை நீ மட்டம் தட்டக்கூடாது. ஆபத்து என்றால் ஒரே எண்ணைச் சுற்றினால் போதும் என்று வட அமெரிக்காவிலேயே முதலில் கொண்டுவந்தது வின்னிபெக்தான், 1959-ல். அப்போது 999. பிறகு 1972-ல் 911 ஆக மாற்றினார்கள். அதற்கு முன்னால் போலீசுக்கு ஓர் எண், தீயணைப்புக்கு ஓர் எண் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

நமக்கு அந்த எண் தேவைப்பட்டிருக்க வேண்டிய ராத்திரி ஒன்று இருந்தது, ஞாபகம் வருகிறதா? 1987, ஜனவரி. உனக்கு ஆறு வயது. அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். பாபா வீட்டுக்குப் பொங்கல் கொடுக்கப் போய்விட்டுத் திரும்பினோம், வாசல் கதவு பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே. மைனஸ் 33. நான் ஜன்னல் கண்ணாடியை உடைக்கக் கல் தேடினேன். எல்லாம் பனிக்கு அடியில். பாபா வந்தார், கையில் வெண்ணெய் தடவும் கத்தி. நேராகப் பால் கதவுக்குப் போனார், உறைந்திருந்த விளிம்பைச் சுரண்டித் திறந்தார், உள்கதவை ஓங்கி ஒரு குத்து. உன் கோட்டைக் கழற்றி, தலையை முதலில் விட்டு, பாட்டில் மாதிரி உன்னை உள்ளே தள்ளினோம். நீ போய் வாசல் கதவைத் திறக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகவே முகத்தை நீட்டி, "யார் நீங்க, என்ன வேணும்" என்று கேட்டாய்.

நேற்று சாயந்திரம் ஏஜென்ட் ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தார். பிலிப்பைன்ஸ்காரர்கள். அந்தப் பெண்ணின் அம்மா இந்த ஊருக்குத் தையல் வேலைக்கு வந்தவராம். அவர்கள் சமையலறை அளவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் பையன் பால் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். அடைத்துத் தருகிறோம் என்று ஏஜென்ட் ஆரம்பித்தார். வேண்டாம், சாவி உள்ளே மாட்டிக்கொள்ளும் ஊர் இது என்று சொல்லிவிட்டேன். பையனுக்கு ஐந்து வயது, ஒல்லி. இன்னும் இரண்டு பனிக்காலத்துக்கு அதற்குள் தாராளமாக நுழைவான், கண்ணாலேயே அளந்து பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா