பேய் வரும்போது திரையை மூடும் கமெண்ட்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், சீன வீடியோ தளங்களில் படத்தின் மேலேயே ஓடும் கமெண்ட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படத்தை மறைக்கிற வெட்டி அரட்டை, பேச ஆளில்லாதவர்கள் செய்கிற வேலை என்று கட்டுரையாளர் சுருக்கமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் சீனாவில் எம்.பி.பி.எஸ். படித்தவன். ஹாஸ்டலில் பாதிப் பொழுது பிலிபிலி என்கிற வீடியோ தளத்தில்தான் போனது, அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

இதை யூடியூப் லைவ் சாட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே போட்ட கமெண்ட் மேலே ஏறிக் காணாமல் போய்விடும். இங்கே கமெண்ட் வீடியோவின் நொடியோடு ஒட்டிக்கொள்கிறது. 12ஆவது நிமிடம் 40ஆவது நொடியில் யாரோ ஒருவர் ‘ஐயோ’ என்று போட்டிருந்தால், நீங்கள் நாலு வருஷம் கழித்துப் பார்த்தாலும் அதே நொடியில் அந்த ‘ஐயோ’ வலது ஓரத்திலிருந்து கிளம்பி இடது பக்கமாக ஓடும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து பார்க்கிறவனுக்கும் நிறைந்த தியேட்டரில் இருக்கிற உணர்வு வருவது இதனால்தான்.

ஆரம்பித்தது ஜப்பானில். 2006 டிசம்பரில் நிகோநிகோ என்கிற தளம் வந்தபோது அதற்குச் சொந்தமாக வீடியோவே கிடையாது, யூடியூப் வீடியோக்களின் மேல் கமெண்ட்டை ஓடவிட்டார்கள். 2007 பிப்ரவரியில் யூடியூப் கதவைச் சாத்தியது, அப்புறம்தான் சொந்தமாக வீடியோ வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு நல்ல பாட்டு முடிந்ததும் திரை முழுக்க 8888888 என்று ஓடும், அது அவர்களுடைய கைதட்டல். 2009இல் வந்த பிலிபிலி இதைச் சீனாவில் பெரிதாக வளர்த்தது. இப்போது ஐச்சியி, டென்சென்ட், யூக்கூ ஆகிய சீன வீடியோ தளங்களிலும் உண்டு, இந்த ஓடும் கமெண்ட்டை அங்கே ‘டான்மூ’ என்பார்கள்.

கட்டுரையாளர் பேய்ப் படம் ஒன்றையாவது டான்மூவோடு பார்த்திருக்க வேண்டும். பயங்கரக் காட்சிக்குச் சில நொடி முன்னாலேயே ‘முன்னால் பெரிய காட்சி, உஷார்’ என்று எச்சரிக்கை வந்துவிடும். அடுத்து, பேய் முகம் காட்டுகிற அதே நொடியில், ‘டான்மூவே காப்பு’ என்கிற ஒரே வாசகத்தை எல்லாரும் சிவப்பிலும் மஞ்சளிலும் அடுக்கடுக்காகப் போட்டுத் திரையை அடைத்துவிடுவார்கள், பேய் இருக்கிற இடமே தெரியாது. முன்னால் பார்த்துப் பயந்தவர்கள் பின்னால் வருகிற பயந்தாங்கொள்ளிகளுக்காகப் போட்டுவைத்த மறைப்பு அது. படத்தை மறைக்கிறது என்று குறைப்பட்டிருந்தாரே, இங்கே வேலையே மறைப்பதுதான். என் வகுப்புத் தோழி ஒருத்தி இந்தக் காப்பு இல்லாமல் பேய்ப் படம் பார்க்கவே மாட்டாள்.

சப்டைட்டில் இல்லாத ஜப்பானிய வீடியோவில் மொழி தெரிந்த யாரோ ஒரு புண்ணியவான் கீழ்வரிசையில் வசனம் வசனமாக மொழிபெயர்த்துப் போட்டிருப்பார். நடுவில் விளம்பரம் வந்தால் எந்த நிமிடத்துக்குத் தாவினால் தப்பலாம் என்று ஒருவர் சொல்லியிருப்பார், தாவிப் போய் இறங்கினால் அந்த இடத்தில் அவருக்கு நன்றி சொல்லி ஒரு கூட்டமே ஓடிக்கொண்டிருக்கும். இதையா வெட்டி அரட்டை என்பது?

2024 ஜூனில் சைபர் தாக்குதலில் நிகோநிகோ மொத்தமாக முடங்கியது. ஒரு வாரத்துக்குள் தற்காலிகமாக ஒரு தளத்தைக் கட்டித் திறந்தார்கள். அதில் இருந்தது கொஞ்சம் பழைய வீடியோக்களும் கமெண்ட் போடுகிற வசதியும், அவ்வளவுதான். கமெண்ட் இல்லாமல் திறக்க அவர்களுக்கு மனசு வரவில்லை பாருங்கள்.

குறை இல்லையா என்றால், நிறையவே உண்டு. கொலைகாரன் யார் என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிற ஆசாமிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நடிகர்களின் ரசிகர் சண்டை தாங்காது. இதையெல்லாம் விடப் பெரியது தணிக்கை. சீனாவில் 2019இல் வந்த குறும்வீடியோ விதிமுறைகள், டான்மூவையும் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே விட வேண்டும் என்றன. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த கமெண்ட் விதிகளிலும் டான்மூ பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கட்டுரையாளர் கோபப்பட வேண்டிய இடம் இது, இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் அந்த மறைக்கிற பிரச்சினை. ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாம் மறைந்துவிடும். எழுத்தை மங்கலாக்கலாம், மேல் பாதியில் மட்டும் ஓடவிடலாம், ஆள் முகத்தின் மேல் படாமல் பின்னால் ஒளிந்து போகிற மாதிரிகூட பிலிபிலியில் வைத்துக்கொள்ளலாம். தவிர, பிலிபிலியில் அப்போது யார் வேண்டுமானாலும் வந்து போட்டுவிடவும் முடியாது. நான் அங்கே இருந்த காலத்தில் டான்மூ போடும் உரிமைக்கு 100 கேள்விகளுக்குப் பதில் சொல்லி 60 மதிப்பெண் எடுக்க வேண்டியிருந்தது, அதில் டான்மூ நாகரிகத்துக்கென்றே கேள்விகள் இருந்தன.

நம்ம ஊர் ஓடிடிக்காரர்கள் யாராவது இதைக் கொண்டுவருவதாக இருந்தால், அணைக்கிற பட்டனைக் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கட்டும், அந்தத் தேர்வையும் கூடவே வைக்கட்டும். தேர்வு வைக்காமல் திறந்துவிட்டால், பெரிய நடிகர் படம் வருகிற அன்றைக்கு டைட்டில் கார்டு முடிவதற்குள் கிளைமாக்ஸ் ஓடிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்